ராஜாமணி ஆன்லைனில் இருக்கிறார்

போன் அலறியது.

காலை பத்து இருபது. விழுப்புரத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த அந்தச் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில் ஆறு பேர். ஆறு பேரும் போனைப் பார்த்தார்கள். பிறகு கலைப்பிரியாவைப் பார்த்தார்கள்.

சப்போர்ட் டெஸ்க் அவளுடையது.

எடுத்தாள்.

"சொல்லுங்க... சப்போர்ட்."

"திண்டிவனம் வெள்ளையம்மாள் கோல்டு ஸ்டோரேஜுலேர்ந்து பேசறேம்மா. ஒரு ஃபைல் தொறக்க மாட்டேங்குது. ஒரே பேஜாரு. ஜல்தி பாருங்க!"

"என்ன எர்ரர் வருது சார்?"

"வேற ஒருத்தர் தொறந்து வெச்சிருக்காருன்னு காட்டுது."

"யாருன்னு பேரும் காட்டுமே?"

மறுமுனையில் மவுஸ் க்ளிக் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"சார்?"

"ரா... ராஜாமணின்னு காட்டுதும்மா."

கலைப்பிரியாவின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

ராஜாமணி அவள் புருஷன்.

செத்துப் பதினோரு நாள் ஆகிறது!

"நீங்க யார் பேசறது?"

"மேனேஜர் வேங்கடேசன். நீங்க?"

"கலைப்பிரியா."

மறுமுனையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"நீயாம்மா...? நீ லீவுல இருப்பன்னு நெனச்சேன். காரியம்கூட முடியலயே..."

"கம்ப்ளெயின்ட் டிக்கெட் நம்பர் சொல்றேன், குறிச்சுக்குங்க சார்."

அழுவாள் என்று எதிர்பார்த்த ஆறு பேருக்கும்... மன்னிக்கவும், அவளைத் தவிர்த்து ஐந்து பேருக்கும்... ஏமாற்றம். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உடம்பை வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தபோதும் அவள் அழவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். பதினாறாம் நாள் வரை வீட்டை விட்டு நகரக் கூடாது என்று சொந்தக்காரர்கள் கத்தினார்கள். அவள் ஐந்தாம் நாளே தலையைச் சீவிக்கொண்டு ஆபீஸ் வந்துவிட்டாள்.

'கல்லு' என்றார்கள். 'கொழுப்பு' என்றும் சொன்னார்கள்.

அவள் எதையும் மறுக்கவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாதவள் எதை எடுத்து மறுப்பாள்?

வந்த அன்று ஒரே ஒரு காரியம் செய்தாள். தன் கம்ப்யூட்டர் மேல் ஒரு சீட்டு ஒட்டினாள். 'யாரும் அணைக்க வேண்டாம்.'

"எந்த ஃபைல் சார்?"

"அன்னிக்குப் போட்ட பெர்மிட்டும்மா. இன்ஸ்பெக்டர் நாலு மணிக்கு வர்றாரு, பிரிண்ட் வேணும்னாரு. பத்து நாளா சீல் போட்டிருந்தாங்க, இன்னிக்குத்தான் ஆபீசைத் தொறந்தோம். தொறந்தா இது!"

"ஃபைலைப் பாக்கத் தொறந்தீங்களா... எழுதத் தொறந்தீங்களா?"

"சும்மா பாக்கத்தாம்மா!"

கலைப்பிரியா தன் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே சின்னதாக ஒரு ஜன்னல் திறந்து கிடந்தது. அதைப் பெரிதாக்கினாள். படித்தாள்.

இன்னொரு தடவை படித்தாள்.

"நான் நேர்ல வர்றேன் சார்."

"நீ எதுக்கும்மா இந்த நெலமையில? போன்லயே..."

"போன்ல ஆவாது."

வைத்தாள்.

* * *

கோல்டு ஸ்டோரேஜில் மெஷின் ரூம் என்று ஒன்று உண்டு. குளிரை உண்டாக்கும் அம்மோனியா என்ற விஷவாயு அங்கேதான் குழாய் குழாயாக ஓடும். ரிப்பேருக்கு ஒருவர் உள்ளே போவதற்கு முன்னால், இன்னொருவர் வெளியே இருக்கும் வால்வை மூட வேண்டும். யார் மூடினார், எத்தனை மணிக்கு மூடினார் என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதுதான் பெர்மிட்.

ராஜாமணி மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். பெர்மிட் போடாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டான்.

அன்றைக்கும் போட்டான். உள்ளே போனான். குழாயைக் கழற்றினான்.

வால்வு மூடப்படவில்லை.

'மூட வேண்டியவன் ஆபரேட்டர் ஜகபர் சாதிக்' என்றார் மேனேஜர். போலீஸும் நம்பியது. இன்று காலை ஜகபரை ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். நாலு மணிக்கு பெர்மிட் பிரிண்ட் கைக்கு வந்தால், ஐந்து மணிக்கு மாஜிஸ்ட்ரேட். ஆறு மணிக்கு ஜெயில்.

திண்டிவனம் ஸ்டேஷன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த அவன், கலைப்பிரியாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். கோட்டக்குப்பத்துக்காரன். ஆறு வருஷம் துபாயில் ஏசி மெக்கானிக். பெண் குழந்தை பிறந்ததும் முகத்தைப் பார்க்க ஓடி வந்தவன், திரும்பிப் போகவில்லை.

"அண்ணி... அல்லா மேல ஆணையா நான் இல்ல அண்ணி! அன்னிக்கு நான் பிளான்ட்லயே இல்ல. கிளியனூர்ல லாரி ஒண்ணு ரிப்பேராயி நின்னுகினு இருக்குது, போய்ப் பாருன்னு மேனேஜர்தான் அனுப்புனாரு. போய்ப் பாத்தா லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. திரும்பி வர்றப்போ அண்ணன்..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அழுதான். அவளுக்கும் சேர்த்து அழுவது போல அழுதான்.

"உக்காரு ஜகபர்" என்றாள் கலைப்பிரியா. "சாப்புட்டியா?"

"இல்ல அண்ணி."

கைப்பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து அவன் மடியில் வைத்தாள். பிறகு இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணுவின் அறைக்குள் போனாள்.

பத்து நிமிஷம் பேசினாள்.

என்ன பேசினாள் என்று இப்போதே கேட்காதீர்கள். இன்ஸ்பெக்டரே முதல் ஐந்து நிமிஷம் புரியாமல்தான் தலையாட்டினார்!

* * *

பிற்பகல் இரண்டரை. வெள்ளையம்மாள் கோல்டு ஸ்டோரேஜ்.

வாசலில் காத்திருந்த வேங்கடேசன் கையைக் கூப்பினார். ஐம்பது வயது. இஸ்திரி கலையாத சட்டை. முகத்தில் துக்கத்தை அளவாகப் பூசியிருந்தார்.

"உன்னைப் பாக்கவே கஷ்டமா இருக்குதும்மா. தங்கமான ஆளு. அந்த ஜகபர் பையன் இப்படி..."

"கம்ப்யூட்டர் எங்க சார்?"

துக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தன் அறையைக் காட்டினார்.

அங்கே பானுப்ரியா இருந்தாள். டேட்டா என்ட்ரி. கலைப்பிரியாவைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கம்ப்யூட்டரின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் தினசரி காலண்டர். அதன் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் வரிசையாக எழுதியிருந்தார்கள்.

அத்தனை பேருடைய பாஸ்வேர்டும்!

"இது இன்னா பானு?"

"அது... யாராச்சும் லீவு போட்டா வேலை நிக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சதுக்கா. எல்லாரும் எல்லாருதையும் போட்டுக்குவோம்."

மூன்றாவது வரி. ராஜாமணி... கலை123.

கலைப்பிரியா அதை ஒரு விநாடி பார்த்தாள். வீட்டில் அவன் ஒரு நாளும் அவளைக் 'கலை' என்று கூப்பிட்டதில்லை. 'இந்தாம்மா' என்பான். காலண்டர் அட்டைக்கு மட்டும் செல்லப் பெயரைக் கொடுத்திருந்தான்.

"அவரு பேரை இன்னும் எடுக்கலியா?" என்றாள்.

"மொதலாளி சின்னதுரை ஐயாதான் வேணாம்னுட்டாருக்கா. பதினாறு முடியற வரைக்கும் ராஜாமணி பேரு மேல யாரும் கையை வெக்கக் கூடாது, பாவம்னு சொல்லிட்டாரு."

கலைப்பிரியா வேலையில் இறங்கினாள். நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். சரி. சர்வர் விழுப்புரத்தில், அவள் ஆபீஸ் மாடியில். தொடர்பு இருக்கிறதா? இருக்கிறது. ஃபோல்டர் அனுமதி? சரி.

"பெர்மிட்டை யார் யார் மாத்தலாம் சார்?"

"மாத்தறதா? அதெல்லாம் யாரும்... மெயின்டனன்ஸ் லாகின்ல மட்டுந்தான் முடியும். ராஜாமணி மட்டுந்தான். எதுக்குக் கேக்கற?"

"டிக்கெட்ல எழுதணும் சார்."

கடைசியாக, யார் யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கொண்டுவந்தாள். ஒரே ஒரு பெயர். அதன் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி.

ராஜாமணி. ஆன்லைன்.

வேங்கடேசன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டையின் முதுகில் வேர்வை ஊறியது.

"எ... எப்படிம்மா? செத்துப்போன ஆளு எப்படி..."

"எப்பவோ உள்ள வந்த பழைய செஷன் மூடாமத் தொங்கும் சார். சில சமயம் இப்படி ஆவும். துண்டிச்சா போயிடும்."

மவுஸை 'துண்டி' என்ற பட்டன் மேல் கொண்டுபோனாள்.

நின்றாள்.

அரை நிமிஷம்... ஒரு நிமிஷம்...

"இன்னாம்மா யோசிக்கற? நேரமாவுது!"

அழுத்தினாள்.

பச்சைப் புள்ளி அணைந்தது.

"பூட்டு எடுத்தாச்சு சார். ஒரு கால் மணி நேரம் ஆறட்டும். நானும் பானுவும் டீ குடிச்சிட்டு வந்துடறோம்."

"போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க! மெதுவா வாங்க!"

இவ்வளவு அன்பாக அவர் யாரையும் டீக்கு அனுப்பியதில்லை என்று பானுப்ரியா பிறகு சாட்சி சொன்னாள்.

* * *

எதிரே டீக்கடை. உள்பெஞ்சில் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் மசால்வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மஃப்டியில் இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு.

கலைப்பிரியா லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

"இன்னொரு தபா சொல்லும்மா. எனக்குப் புரியற மாதிரி."

"ஒருத்தர் தொறந்து வெச்ச ஃபைலை மத்தவங்க தாராளமாப் பாக்கலாம் சார். பிரிண்டும் எடுக்கலாம். படிக்கறதுக்குப் பூட்டே கெடையாது. மாத்தறதுக்குப் போனாத்தான் அந்த எர்ரர் வரும்."

"அப்ப 'சும்மா பாக்கத்தான் தொறந்தேன்'னு அவரு சொன்னது?"

"பொய். அவரு போன் பண்ணிப் பொலம்பினதே வாக்குமூலந்தான் சார்."

இன்ஸ்பெக்டர் வடையைக் கீழே வைத்தார்.

"அந்த பெர்மிட்ல இன்னாதான் எழுதியிருக்குது?"

காட்டினாள். ராஜாமணி தன் கையால் அடித்த வரி.

'வால்வை மூடியவர்: வேங்கடேசன், மேனேஜர். காலை 11.10. போனில் சொன்னார்.'

"ரைட்டு! இது போதுமே... உள்ள தூக்கி வெச்சுடறேன்!"

"போதாது சார். நான் செத்தவரோட பொண்டாட்டி. சாஃப்ட்வேரும் என் கையில. நான் காட்டுனா, நானே எழுதுனேன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. அங்க காலண்டர்ல எல்லார் பாஸ்வேர்டும் தொங்குது. யார் வேணா எழுதியிருக்கலாம்னு வக்கீல் சொல்லுவாரு. உங்க கண்ணு முன்னால அவரே..."

லேப்டாப் 'டிங்' என்றது.

பச்சைப் புள்ளி!

ராஜாமணி. ஆன்லைன். மெஷின்: மேனேஜர் ரூம்.

பானுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் பாய்ந்து எழுந்தார்.

"இருங்க சார்" என்றாள் கலைப்பிரியா. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "சேவ் பண்ணட்டும்."

மூவரும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் ஒரு மல்லாட்டை லோடு டிராக்டர் வேர்க்கடலையைச் சிந்திக்கொண்டு கடகடவென்று போனது.

மூன்று பன்னிரண்டு. 'சேமிக்கப்பட்டது.'

"இப்ப போலாம் சார்."

* * *

பிரின்டர் இன்னும் கக்கிக்கொண்டிருந்தது. கட்டம் போட்ட சட்டையைப் பார்த்து வேங்கடேசனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஒரு சிரிப்பை வரவழைத்தார்.

"சார்... நாலு மணின்னீங்க! இதோ ரெடி. சூடாக் கீது!"

இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார்.

'வால்வை மூடியவர்: ஜகபர் சாதிக், ஆபரேட்டர்.'

"இதை யார் எழுதுனது மேனேஜரே?"

"ராஜாமணிதான் சார். சாவறதுக்கு முன்னாடி."

"எப்ப?"

"அன்னிக்குக் காலையில!"

கலைப்பிரியா குறுக்கே வந்து ஒரே ஒரு கீயைத் தட்டினாள். திரையில் பட்டியல் விரிந்தது.

"இந்த சாஃப்ட்வேர்ல எதையும் அழிக்க முடியாது சார். மேல எழுதுனா பழசு அடியில உக்காந்துக்கும். எப்ப எழுதுனாங்க, எந்த மெஷின்லேர்ந்து எழுதுனாங்க, எல்லாம் நிக்கும். ஜகபர் பேர் வந்தது இன்னிக்கு மூணு பன்னெண்டுக்கு. இந்த ரூம்ல. இந்த சேர்ல."

"பொய்! யாரோ..."

"ராஜாமணி லாகின்ல வந்திருக்குது" என்றார் இன்ஸ்பெக்டர். "செத்தவரு வந்து உன் மடியில உக்காந்து டைப் அடிச்சாரா? நாங்க மூணு பேரும் எதிர்க்கடையில உக்காந்து பாத்துக்கினுதான் இருந்தோம்!"

"நாங்க வெளிய வர்றப்போ ரூம்ல சார் மட்டுந்தான் சார் இருந்தாரு" என்றாள் பானுப்ரியா மெல்லிய குரலில். வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னாள்.

வேங்கடேசன் உட்கார்ந்தார்.

"கொல்லணும்னு இல்ல சார்... சத்தியமா இல்ல. மரக்காணத்துலேர்ந்து இறால் லோடு வந்து எறங்கியிருந்துச்சு. லைனை மூடுனா சூடு ஏறிடும், சரக்கு போயிடும். அரை மணி நேர வேலைதானே, சின்ன லீக்குதானேன்னு... மூடிட்டேன்னு போன்ல சொல்லிட்டேன்."

"அதுக்குத்தான் ஜகபரை கிளியனூருக்கு அனுப்பினியா?"

"அவன் இருந்தா மூடிடுவான் சார்..."

கலைப்பிரியா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மூடிட்டேன்னு நீங்க சொன்னதுக்கு, அவரு என்ன சொன்னாரு சார்?"

வேங்கடேசன் தலை நிமிரவில்லை.

"'நீங்க சொன்னா சரிங்க சார்'னு சொன்னாம்மா."

அவள் தலையாட்டினாள். டிக்கெட்டைத் திறந்து, 'பிரச்சினை தீர்ந்தது' என்று போட்டு மூடினாள்.

* * *

மாலை ஐந்தேகால். ஜகபர் சாதிக், ஆறு மணிக்கு ஜெயிலில் இருக்க வேண்டியவன், கழுவித் துடைத்த டிபன் பாக்ஸைக் கலைப்பிரியாவின் கையில் கொடுத்துவிட்டுக் கோட்டக்குப்பத்துக்கு பஸ் ஏறினான். மகள் முகத்தைப் பார்க்கப் போகிறான். கையை மட்டும் கூப்பினான்.

மறுபடி யூனிஃபார்முக்கு மாறியிருந்த இன்ஸ்பெக்டர் கலைப்பிரியாவை ஜீப்பில் பஸ் நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டார். விட்டவர் போகவில்லை.

"ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குதும்மா."

"சொல்லுங்க சார்."

"மத்தியானம் ராஜாமணி பேர்ல வந்தவன் வேங்கடேசன். சரி. காலையில அவன் ஃபைலை மாத்த முடியாம தடுத்ததும் ராஜாமணி பேருதானே? அப்ப உள்ள இருந்தது யாரு?"

கலைப்பிரியா பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

"நான்தான் சார்."

"அடேயப்பா! முன்னாடியே சந்தேகம் வந்து பொறி வெச்சுட்டியா?"

"இல்ல சார். சந்தேகமே வரல."

"அப்புறம்?"

"அஞ்சாம் நாளு ஆபீஸ் போனேன். அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். போட்டேன். கடைசியா அவரு விட்ட ஃபைல் தானாத் தொறந்துச்சு. அதுல என்ன எழுதியிருக்குதுன்னுகூடப் படிக்கல. இன்னிக்குக் காலையிலதான் படிச்சேன். அன்னிக்கு நான் பாத்தது ஓரத்துல இருந்த பேரை மட்டுந்தான். ராஜாமணி... ஆன்லைன்னு பச்சையா வந்துச்சு. மூட மனசு வரல. தெனம் அதைப் பாக்கத்தான் ஆபீஸ் போய்க்கினு இருந்தேன் சார்."

துரைக்கண்ணு தொப்பியைக் கழற்றினார். எதற்காகக் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப... மூணு மணிக்கு அந்த பட்டனை அமுக்குனியே..."

"ஆமா சார். நானே வெளிய அனுப்பிட்டேன்."

அவள் கண்ணில் இப்போதும் எதுவும் வரவில்லை. டிபன் பாக்ஸை இறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பதினோரு நாளில் அவள் உடம்பில் ஏதோ ஒன்று அசைந்தது அதுதான் முதல் தடவை. அது அவளுக்கு வலித்தது.

போலீஸ்காரர்கள் எப்போதும் செய்வதையே இன்ஸ்பெக்டரும் செய்தார். சட்டம் பேசினார்.

"அடுத்தவங்க பாஸ்வேர்டுல நுழையறது குத்தம்மா. உன் மேலயே கேஸ் போடலாம், தெரியும் இல்ல?"

விழுப்புரம் பஸ் வந்து நின்றது. கலைப்பிரியா படியில் கால் வைத்துத் திரும்பினாள்.

"போடுங்க சார். ஆனா புகாரை அவருதான் குடுக்கணும். நேர்ல வந்து குடுக்கச் சொல்லுங்க... நானும் அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்!"